ஸ்வீட் கார்ன் தோட்டத்தில் களை: உழவு முதல் தட்டை அறுப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஒரு கையில் சாதா மக்காச்சோள விதை, இன்னொரு கையில் ஸ்வீட் கார்ன் விதை வைத்துப் பாருங்கள். மக்காச்சோளம் கெட்டியாக, பளபளவென்று இருக்கும். ஸ்வீட் கார்ன் சுருங்கி, ஒட்டிப்போய், வற்றல் போட்ட மாதிரி இருக்கும். எடையும் குறைவு. இந்தப் பயிரின் மணியில் சர்க்கரை முழுதாக மாவுச்சத்தாக மாறுவதில்லை என்பதே காரணம். நம் நாக்குக்கு இனிக்கிற அந்தக் குணமே முளைக்கிற நாற்றுக்குக் குறையாகிவிடுகிறது. கட்டுச்சோறு இல்லாமல் வழிநடை கிளம்பிய பிள்ளை மாதிரி, முதல் இரண்டு மூன்று வாரம் தள்ளாடித்தான் எழும்பும். அதே தண்ணீரைக் குடித்த சாரணை, குப்பைக்கீரை மாதிரியான களைகள் அதற்குள் பாத்தியை மூடிவிடும்.

இதை நான் உடுமலைப் பக்கத்தில் முதல் முறை ஸ்வீட் கார்ன் போட்டபோது பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மக்காச்சோளத்துக்குச் செய்வதையே செய்தேன். ஆள் கிடைக்கவில்லை என்று முதல் களையெடுப்பை 28ஆம் நாள் வரை தள்ளிவிட்டேன். களை எடுத்த பிறகு பயிர் பச்சையாகத்தான் நின்றது, தப்பித்தோம் என்று நினைத்தேன். அறுவடைக்கு வந்த வியாபாரி நாலு கதிரை உரித்துப் பார்த்தார். நுனியில் இரண்டு விரற்கடை மணியே பிடிக்கவில்லை. தானியமாக விற்கிற சோளத்தில் இது மூட்டை எடையில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இங்கே கதிரை முழுதாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பாதிக் கதிர் இரண்டாந்தரமாகப் போனது.

ஸ்வீட் கார்ன் 75 முதல் 85 நாளில் முடிகிற பயிர். அதில் 15ஆம் நாளிலிருந்து 45ஆம் நாள் வரை களை இல்லாமல் வைத்திருந்தால் போதும். இடுப்புக்கு மேல் வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் மீதியைப் பயிரே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த 30 நாளைச் சுத்தமாக வைத்திருப்பதற்கான வேலை விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது.

முதல் படி: உங்கள் மண்ணில் எது முளைக்கிறது என்று எழுதுங்கள்

விதைப்புக்கு முந்தின மழைக்கோ பாசனத்துக்கோ எது தலை நீட்டுகிறது என்று தோட்டத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஒரு தாளில் நிலத்தைப் படமாக வரைந்து, எந்த மூலையில் எது என்று குறித்து வையுங்கள். இதை வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். அடுத்து எடுக்கிற முடிவெல்லாம் இந்தத் தாளை வைத்துத்தான்.

நம் பக்கத்துச் சோளத் தோட்டங்களில் களை மூன்று வகை. புல் வகையில் அருகு, காகக்கால் புல், காட்டுக் குதிரைவாலி. அகன்ற இலையில் சாரணை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, நாய்க்கடுகு, அம்மான் பச்சரிசி, கானாவாழை, பார்த்தீனியம். மூன்றாவது கோரை. பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் கோரை புல் இல்லை. தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள், மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லுக்கு அடிக்கிற மருந்து கோரையைத் தொடாது, ஆகவே இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

சாரணையின் வேகம் தெரிந்திருக்க வேண்டும். முளைத்த ஒரு மாதத்துக்குள் பூத்து விதை கட்டி, அந்த விதையை அதே இடத்தில் கொட்டிவிடும். நன்றாக வளர்ந்த ஒரு முள்ளுக்கீரைச் செடி லட்சத்துக்கு மேல் விதை விடக்கூடியது. கானாவாழை இன்னும் தந்திரம். மேலே நீலப்பூ பூக்கும்போதே மண்ணுக்கு அடியிலும் வெள்ளைத் தண்டில் பூத்து விதை வைக்கும். கொத்தித் துண்டாக்கினால் ஈரத்தில் ஒவ்வொரு கணுவும் வேர் விடும். பருப்புக்கீரையும் அப்படித்தான், பிடுங்கி ஈர மண்ணில் போட்டால் மறுநாளே நிமிர்ந்துவிடும். இந்த இரண்டையும் பிடுங்கினால் கூடையில் அள்ளித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் காய வைக்க வேண்டும்.

மருந்து படாத தோட்டம் என்றால் களையெடுக்க வருகிற அக்காமார்கள் தொய்யக்கீரையையும் குப்பைக்கீரையையும் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். நல்ல விஷயம்தான். மருந்து அடித்திருந்தால் அதை முன்கூட்டியே அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்தக் களையை மாட்டுக்கும் போட வேண்டாம்.

இரண்டாம் படி: உழவும், ஏமாற்று முளைப்பும்

கோடை உழவு போட வாய்ப்பிருந்தால் போடுங்கள். சட்டிக் கலப்பையோ கொக்கிக் கலப்பையோ கொண்டு கட்டி பெயர்த்து, வெயிலில் காய விட வேண்டும். கோரைக் கிழங்கும் அருகு வேரும் மேலே வந்து வற்றினால்தான் சாகும். கோரையும் அருகும் இருக்கிற நிலத்தில் ஈரத்தோடு ரோட்டவேட்டரை ஓட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். ஒரு கொடி பத்துத் துண்டாகி, பத்தும் தழையும். முதலில் கொக்கிக் கலப்பையால் வேரை வெளியே இழுத்து, காய்ந்ததைக் கையால் பொறுக்கி எறிந்த பிறகு கடைசி உழவுக்கு மட்டும் ரோட்டவேட்டர் போதும்.

அடுத்தது செலவில்லாத, ஆனால் பலரும் பொறுமையில்லாமல் தாண்டிப்போகிற வேலை. நிலத்தை விதைப்புக்குத் தயார் செய்துவிட்டு விதைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் கட்டுங்கள். விதைப்பு நடந்துவிட்டது என்று களை ஏமாந்து, ஏழு முதல் பத்து நாளில் மேல்மண்ணில் இருப்பதெல்லாம் பச்சைப் பாய் விரித்த மாதிரி முளைக்கும். இரண்டு இலை விட்டதும் ஆழமில்லாமல், இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல், கல்டிவேட்டர் ஓட்டி அழியுங்கள். ஆழமாக உழுதால் கீழே தூங்குகிற விதை மேலே வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். தண்ணீர் வசதி இருந்தால் இதை இரண்டு முறை செய்யலாம். சாரணை, குப்பைக்கீரை நிறைந்த தோட்டத்துக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. கோரைக்கு மட்டும் இது பெரிதாக வேலை செய்யாது.

முளைத்ததை உழாமல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்துக் கருக்குகிற பழக்கம் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. இரண்டு அங்குல உழவில் முடிகிற வேலைக்கு அது தேவையுமில்லை.

எருவைக் கவனியுங்கள். மட்காத சாணத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் களை விதை உயிரோடு வரும். பட்டி போட்டால், அதாவது ஆட்டு மந்தையை இரவில் நிலத்தில் அடைத்தால், மண்ணுக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிடை மடக்கிய இடத்தில் வேலிகாத்தானும் புல்லும் முளைப்பதைப் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார். பட்டி போடுவதானால் மேலே சொன்ன ஏமாற்றுத் தண்ணீருக்கு முன்பே போட்டுவிடுங்கள், ஆடு கொண்டுவந்த விதையும் அதோடு முளைத்து அழிந்துவிடும். தொழுவுரம் என்றால் நன்றாக மட்கி, கையில் எடுத்தால் சூடும் வாடையும் இல்லாத எருதான் வேண்டும்.

யாரும் களை என்றே நினைக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். போன போகத்தில் அதே நிலத்தில் தீவன மக்காச்சோளம் போட்டிருந்தால், சிந்திய மணி தானாக முளைக்கும். சோளம்தானே என்று விடாதீர்கள். அதன் மகரந்தம் ஸ்வீட் கார்ன் கதிர் நுனியில் தொங்குகிற பட்டுநூலில் விழுந்தால், விழுந்த இடத்து மணி இனிப்பில்லாமல் மாவாகிவிடும். கதிரை உரித்தால் சுருக்கமில்லாத, முட்டிக்கொண்டு நிற்கிற மணி அங்கங்கே தெரியும், அது இந்தக் கலப்பு. வரிசைக்கு வெளியே முளைத்த சோளம் எதுவானாலும் முழங்கால் உயரத்துக்கு வருமுன் பிடுங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: களைக்கு இடம் விடாத விதைப்பு

பாருக்குப் பார் (விதை ஊன்றுகிற மேட்டுக்கு மேடு) 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி வரும். நிழல் சீக்கிரம் கட்ட இந்த எண்ணிக்கை முக்கியம். அதைவிட முக்கியம் வரிசை நேராக இருப்பது. கயிறு பிடித்து ஊன்றுங்கள். வளைந்த வரிசையில் பவர் வீடர் ஓட்டினால் பயிரையும் சேர்த்து வாரும், அதற்குப் பயந்து ஓட்டுபவர் விலகிப் போனால் பயிர் ஓரத்துக் களை நின்றுவிடும்.

விதை மெலிந்தது என்பதால் 3 செ.மீ.க்கு மேல் ஆழம் வேண்டாம். ஈரம் பதமாக இருக்கும்போது ஊன்றினால் ஐந்தாறு நாளில் ஒரே சீராக முளைக்கும். முளைப்பு சீராக இருப்பதே பாதிக் களை மேலாண்மை. விதை முளைக்காமல் விழுந்த பொக்கையில் களைதான் குடியேறும். ஆகவே விதைக்கிற அன்றே குழித்தட்டில் இரண்டு தட்டு விதை போட்டு வைத்து, பத்து நாளுக்குள் அந்த நாற்றைக் கொண்டு பொக்கையை நிரப்புங்கள். வேர் கலையாமல் கட்டியோடு நட வேண்டும், சோளம் வேர் அறுந்தால் பிடித்துக்கொள்ளச் சிரமப்படும்.

அடியுரத்தைத் தோட்டம் முழுக்க விசிறாமல் விதை வரிசைக்குப் பக்கத்தில் கோடு இழுத்துப் போடுங்கள். நடுப் பாத்தியில் விசிறிய உரத்தில் பாதி சாரணைக்குத்தான் போகும்.

ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ ஒரு வரிசை போட்டால் அது தரையை மூடி, களையை அமுக்கும், மண்ணுக்கும் சத்து. இப்படிப் போடுபவர்கள் அடுத்த படியில் வருகிற அட்ரசின் என்ற களை மருந்தைத் தொடவே கூடாது, பயறு கருகிவிடும்.

தரையை மூடி விரிக்கிற பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். களை சுத்தமாக அடங்கும் என்பது உண்மை. 80 நாள் பயிர் ஒன்றுக்காக மட்டும் விரித்தால் கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு. அதே ஷீட்டில் அடுத்து மிளகாயோ தர்பூசணியோ வைக்கிற எண்ணம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கரும்புத் தோகை கிடைக்கிற இடத்தில் முதல் களையெடுப்பு முடிந்ததும் வரிசைக்கு நடுவே நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் ஈரமும் நிற்கும். வைக்கோல் போட்டால் அதில் ஒட்டியிருக்கிற நெல் முளைக்கும், அதையும் பிடுங்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: மூன்றாம் நாள் மருந்து

மருந்தே வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகலாம். அவர்களுக்கு இரண்டு களையெடுப்பு கூடுதலாக வேண்டும், அதற்கான ஆளை இப்போதே பேசி வையுங்கள்.

அடிப்பவர்களுக்கு: தனிப்பயிராகப் போட்ட சோளத்துக்கு அட்ரசின் 50% தூள்தான் நெடுங்காலமாக இருப்பது. சோளச் செடி அட்ரசினைத் தனக்குள்ளேயே உடைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். அகன்ற இலைக் களைக்கு அந்தத் திறன் இல்லை. புல் வகையில் சிலதை மட்டும் அடக்கும், கோரையை ஒன்றும் செய்யாது. டப்பாவில் உள்ள அளவு ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம். செம்மண், மணல் கலந்த மண் என்றால் 400 கிராமைத் தாண்ட வேண்டாம். விதைத்த மூன்றாம் நாளுக்குள், களை முளைக்குமுன் அடிக்க வேண்டும்.

ஊடுபயிர் இருந்தால் அட்ரசினுக்குப் பதிலாக பெண்டிமெத்தலின் 30% ஏக்கருக்கு 1 லிட்டர். விதை நன்றாக மண்ணுக்குள் மூடியிருக்க வேண்டும். மேலே தெரிகிற விதையில் பட்டால் முளை கோணிப்போகும்.

எத்தனை டேங்க் என்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. ‘டேங்குக்கு ஒரு மூடி’ என்று கணக்கு வைக்காதீர்கள். முதல் நாள் வெறும் தண்ணீரை டேங்கில் ஊற்றி, அடிப்பவர் தன் வழக்கமான நடையில் நடக்கட்டும். ஒரு டேங்க் எத்தனை சென்ட் வருகிறது என்று அளந்து பாருங்கள். 16 லிட்டர் டேங்க் 8 சென்ட் வந்தால், ஏக்கருக்குப் பன்னிரண்டரை டேங்க், அதாவது 200 லிட்டர் தண்ணீர். 400 கிராமைப் பன்னிரண்டரையால் வகுத்தால் டேங்குக்கு 32 கிராம். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறையில் வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பவர் மாறினால் நடை மாறும், நடை மாறினால் கணக்கும் மாறும். தூளை நேராக டேங்கில் கொட்டாமல் ஒரு வாளியில் குழைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். நடுநடுவே டேங்கைக் குலுக்குங்கள், தூள் அடியில் தங்கும்.

நாசில் விசிறி மாதிரி விரிகிறதாக இருக்க வேண்டும். பூச்சிமருந்துக்குப் போடுகிற குடை மாதிரி நாசில் இதற்கு ஆகாது. அடித்துக்கொண்டே பின்னோக்கி நடங்கள், அடித்த மண்ணை மிதிக்காமல் இருப்பதற்காக. அந்த மேல்மண்ணில் மெல்லிய படலமாக மருந்து நிற்கிறது. அதை மிதித்தாலும் கொத்தினாலும் அந்த இடத்தில் களை வந்துவிடும்.

மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் இந்த மருந்து தூங்கிவிடும். சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற புகார் வருவது இதனால்தான். லேட்டரல் குழாய் ஓரம் ஒரு அடி மட்டும் நனைந்து, நடுவில் புழுதியாக இருக்கும், அந்தப் புழுதியில் விழுந்த மருந்து அப்படியே கிடக்கும். பிறகு ஒரு மழை வந்ததும் களைதான் முந்தும். அடிப்பதற்கு முன்போ அடித்த மறுநாளோ ரெயின் ஹோஸ் (மழை மாதிரித் தூவுகிற துளைக் குழாய்) வைத்து முழுப் பரப்பையும் லேசாக நனைத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கி ஓடுகிற அளவுக்கு வேண்டாம், மருந்து கழுவிக்கொண்டு போகும்.

அட்ரசின் மண்ணில் சில மாதம் தங்கும், நிலத்தடி நீருக்கும் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் அதற்கு அனுமதி மறுத்ததே நிலத்தடி நீரில் அது சேர்ந்ததால்தான். தானிய மக்காச்சோளம் நூறு நாளுக்கு மேல் நிற்கும், அதற்குள் மருந்து ஓரளவு சிதைந்துவிடும். ஸ்வீட் கார்ன் 80 நாளில் நிலத்தை விட்டுவிடுவதால் அடுத்த பயிர் அந்த மிச்சத்தின் மேல்தான் விழுகிறது. வெங்காயம், தக்காளி, பயறு, பூசணி வகை போடப்போகிறீர்கள் என்றால் குறைந்த அளவோடு நிறுத்துங்கள், அல்லது அந்தப் போகத்துக்கு அட்ரசினையே விட்டுவிடுங்கள். கிணற்றடியை ஒட்டிய பாத்திகளில் நான் அடிப்பதேயில்லை.

ஐந்தாம் படி: 15 முதல் 20ஆம் நாள், கைவேலை

மருந்து அடிக்காத தோட்டத்தில் முதல் களையெடுப்பு 15 முதல் 18ஆம் நாளுக்குள் முடிய வேண்டும். அடித்திருந்தால் 20ஆம் நாள் ஒரு சுற்று நடந்து, வந்திருப்பதை மட்டும் எடுத்தால் போதும். களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது ஒரு ஆள் முடிக்கிற பரப்பை, அதே களை சாண் உயரம் வந்த பிறகு மூன்று ஆள் முடிக்க மாட்டார்கள். கூலி மிச்சமாவதும் விரயமாவதும் இந்த ஒரு வாரத்தில்தான்.

வரிசைக்கு நடுவே கையால் தள்ளுகிற சக்கரக் களைக்கருவியோ பவர் வீடரோ ஓட்டலாம். காலை வெயில் ஏறும்போது ஓட்டுங்கள், பெயர்ந்த களை மதியத்துக்குள் காய்ந்துவிடும். சாயங்காலம் ஓட்டி இரவு பனி விழுந்தால் பாதி பிழைத்துக்கொள்ளும். அன்றும் மறுநாளும் தண்ணீர் கட்டாதீர்கள்.

செடியை ஒட்டி நாலு விரற்கடைக்குள் களைக்கொத்துப் போடக் கூடாது. அங்கே இருப்பதை ஒரு கையால் சோளத்தின் அடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிடுங்க வேண்டும். இளம் நாற்றின் வேர் கைவிரல் ஆழத்தில்தான் படர்ந்திருக்கும், ஒரு கொத்து தவறினால் செடி மூன்று நாள் வாடி நிற்கும். புதிதாக வருகிற ஆளுக்கு முதலில் சோளப் பயிரையும் குதிரைவாலிப் புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடுங்கள். குதிரைவாலிக்குத் தண்டடி தட்டையாக, சிவப்போடி இருக்கும். சோளத்துக்கு இலை அகன்று, அடி உருண்டிருக்கும்.

ஆறாம் படி: முளைத்த களைக்கு மருந்து அடிக்குமுன்

ஆளே கிடைக்கவில்லை, மழை விடவில்லை, களை மேலேறிவிட்டது. இந்த நிலைமையில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் டெம்போட்ரையோனாகவோ டோப்ரமிசோனாகவோ இருக்கும். டெம்போட்ரையோன் 34.4% ஏக்கருக்கு 115 மி.லி., டோப்ரமிசோன் 33.6% ஏக்கருக்கு 30 மி.லி., கூடவே வருகிற ஒட்டுத்திரவத்தோடு. களை இரண்டு முதல் நாலு இலையில் இருக்கும்போது அடித்தால்தான் பலன். பட்ட களை முதலில் வெளுத்து, பிறகு கருகும்.

மக்காச்சோளத்துக்கு இவை நல்ல மருந்துகள்தான். ஸ்வீட் கார்ன் ரகங்களில் சிலது இவற்றைத் தாங்காது. மருந்தை உடைக்கிற நொதியைத் தருகிற மரபணு அந்த ரகங்களில் பழுதாகியிருப்பதை அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். விதைக்குப் பெற்றோரான இரண்டு வழியிலும் அந்தப் பழுது இருந்தால் செடி களையோடு சேர்ந்து வெளுக்கும். விதைப் பையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். விதை கொடுத்த நிறுவனத்திடம் ‘இந்த ரகத்துக்கு இந்த மருந்து அடிக்கலாமா’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு ஒரு ஓரத்தில் இரண்டு வரிசைக்கு மட்டும் அடித்து ஒரு வாரம் பாருங்கள். குருத்திலை பால்வெள்ளையாக வந்தால் அந்த மருந்து உங்கள் தோட்டத்துக்குள் நுழைய வேண்டாம்.

படைப்புழுவுக்கு அடிக்கிற மருந்தையும் இதையும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள். ஆர்கனோ பாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து சோளத்தின் தாங்கும் சக்தியைக் குறைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

2,4-டி மலிவு என்பதால் பலர் அடிக்கிறார்கள். சோளத்தண்டு கொஞ்ச நாளைக்கு முறுமுறுவென்று ஆகி, காற்றில் மளுக்கென்று ஒடியும். ஸ்வீட் கார்னில் இது இன்னும் அதிகம். பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி, பருத்தி, திராட்சை இருந்தால் காற்றில் போகிற சாரலே போதும், இலையெல்லாம் சுருண்டு திருகிவிடும். இந்தப் பயிருக்கு அதை நான் சொல்லவே மாட்டேன். வரிசைக்கு நடுவே பாராகுவாட் அடிப்பதும் வேண்டாம். உடம்புக்குள் போனால் முறிவு மருந்து கிடையாது. ஒரு போகத்துக் களைக்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கத் தேவையில்லை.

எந்தக் களை மருந்தானாலும் அதற்கென்று ஒரு டேங்கைத் தனியாக வைத்து, மேலே பெயின்டில் எழுதிவிடுங்கள். அடிப்பவருக்கு முழுக்கை சட்டை, கையுறை, முகமூடி, காலில் பூட்ஸ். காற்று எழும்புமுன் காலையில் முடித்துவிட வேண்டும்.

ஏழாம் படி: 25ஆம் நாள் மண் அணைப்பு

மேலுரமாக யூரியா 25ஆம் நாளும் 45ஆம் நாளும் வைக்கிறோம். அதற்கு முந்தின நாள் களை இருக்கவே கூடாது, வைத்த உரத்தை முதலில் உறிஞ்சுவது அதுதான். 25ஆம் நாள் களை எடுத்து, உரம் வைத்து, உடனே பாரைப் பிளந்து மண் அணையுங்கள். ஒரே வேலையில் மூன்று காரியம் முடியும்: உரம் மூடப்படும், வரிசைக்குள் இருந்த சின்னக் களை மண்ணுக்குள் புதையும், பின்னால் காற்றில் சாயாமல் இருக்கச் செடிக்குத் தாங்குவேர் ஊன்ற இடம் கிடைக்கும்.

இதற்குப் பிறகு சக்கரக் களைக்கருவியோ பவர் வீடரோ இறக்க வேண்டாம். வேர் பாத்தி நடுவுக்கு வந்துவிட்டிருக்கும். 40ஆம் நாளுக்கு மேல் தலை நீட்டுகிறதைக் கையால் பிடுங்கினால் போதும், அதுவும் விதை கட்டப்போகிறதை மட்டும்.

கோரைக்குத் தனி வழி

கோரையை ஒன்று தோண்டிப் பாருங்கள். கம்பி மாதிரி வேரில் கறுப்பு மணி கோத்த மாதிரி கிழங்கு வரிசையாக இருக்கும். மேலே பிடித்து இழுத்தால் நுனிக் கிழங்கு மட்டும் கையோடு வரும். கீழே தூங்கிக்கொண்டிருந்தவை அதன்பின் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். களை எடுத்த பத்தாம் நாள் முன்னைவிட அடர்த்தியாக வருவது இதனால்தான்.

அதன் பலவீனம் நிழல். சோளம் நெருக்கமாக, பொக்கையில்லாமல் நின்றால் 40 நாளுக்கு மேல் கோரை வெளிறி நலியும். அதுவரை பத்து நாளுக்கு ஒருமுறை விடாமல் கொத்திக்கொண்டே இருந்தால் கிழங்கில் சேமிப்பு தீரும். மருந்தில் ஹாலோசல்ஃபூரான் மீத்தைல் 75% மக்காச்சோளத்தில் கோரைக்கென்றே இருக்கிறது, ஏக்கருக்கு 36 கிராம், கோரை நாலைந்து இலை விட்டிருக்கும்போது. இதற்கும் இரண்டு வரிசைச் சோதனை கட்டாயம். ஒரே போகத்தில் கோரை ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மூன்று கோடை உழவாவது தொடர்ந்து வேண்டும்.

சுடுமல்லி கண்ணில் பட்டால் அதற்கு இடமே கொடுக்காதீர்கள். சோளம், கரும்பு வேரில் ஒட்டி உறிஞ்சுகிற ஒட்டுண்ணி அது. மண்ணுக்கு மேலே சின்ன வெள்ளைப் பூவோடு தெரியும்போது கீழே சேதம் பாதி முடிந்திருக்கும். பூக்குமுன் பிடுங்கி எரியுங்கள், விதை தூசி மாதிரி, பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும். அந்த நிலத்தில் அடுத்த இரண்டு போகம் பருத்தியோ தட்டைப்பயறோ போடுங்கள். அவற்றின் வேர்ச்சாறு சுடுமல்லி விதையைத் தட்டி எழுப்பும், ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் அது செத்துப்போகும்.

வரப்பும், அறுவடைக்குப் பிந்தின ஒரு வாரமும்

வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பார்த்தீனியம் பூக்குமுன் வெட்டுங்கள். ஒரு செடி பல ஆயிரம் விதை விடும், வாய்க்கால் தண்ணீர் அதைப் பாத்தி பாத்தியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெறுங்கையால் தொட வேண்டாம், பலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

பட்டுநூல் வந்து 18 முதல் 22 நாளில் கதிர் ஒடித்ததும், பச்சைத் தட்டை மாட்டுக்குப் போய்விடும். அதுவரை நிழலில் கிடந்த களை திடீரென்று வெயிலைப் பார்த்து, மிச்ச உரத்தையும் தின்று, இரண்டே வாரத்தில் பூவெடுக்கும். அறுவடை முடிந்த களைப்பில் நாம் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்காத நாட்கள் அவை. தட்டை அறுத்த ஒரு வாரத்துக்குள் உழுதுவிடுங்கள். உழுகிற அன்று முதல் படியில் வரைந்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கோரையும் அருகும் குறித்திருக்கிற மூலையைக் கடைசியாக உழச் சொல்லி டிராக்டர்காரரிடம் சொல்லுங்கள். அந்த மூலையிலிருந்து வெளியேறுமுன் கலப்பைக் கொழுவில் சிக்கியிருக்கிற வேரையும் கிழங்கையும் அங்கேயே தட்டிக் கழுவி, பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.